பிறர் மக்கள் சிறுகை: வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் சிறுவர் கூட்டுச் சமையல் பற்றி ஓர் ஆராய்ச்சி

தம் பிள்ளைகளின் பிஞ்சுக் கை அளைந்த கூழுக்கு அமிழ்தமும் ஈடில்லை என்பது வள்ளுவர் தீர்ப்பு, 64ஆம் குறள். அளைவது என்றால் என்ன என்று விளக்க வந்த பரிமேலழகர், புறநானூற்றின் 188ஆம் பாட்டைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறார். பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி. அந்தப் பாட்டில் பிள்ளை சோற்றுக்குள் கையை விடுகிறது, தொட்டுப் பார்க்கிறது, கடிக்கிறது, துழாவுகிறது, கடைசியில் நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்கிறது. இப்படியொரு பிள்ளை இல்லாதவர் வாழ்ந்த நாள் வாழ்ந்த நாளே அல்ல என்று பாண்டியன் முடிக்கிறான். பாடியவன் அரசன் என்பதையும், அரண்மனையில் நிலம் துடைக்க வேறு ஆட்கள் இருந்திருப்பார்கள் என்பதையும் உரையாசிரியர்கள் சொல்லாமல் விட்டது வருந்தத்தக்கது.

இரு சான்றுகளும் பேசுவது பெற்ற பிள்ளையைப் பற்றி மட்டும். நாலாம் மாடிப் பிள்ளை அளைந்த கூழ் ஆறாம் மாடித் தாய்க்கு அமிழ்தமா என்ற கேள்வியை வள்ளுவரும் தொடவில்லை, பாண்டியனும் தொடவில்லை, நல்லூர் ஆறுமுக நாவலர் பரிமேலழகர் உரையைப் பதிப்பித்தபோது அவரும் ஓர் அடிக்குறிப்புப் போட்டு எங்களைக் காப்பாற்றவில்லை. தமிழ்ப் புலமையில் இவ்வளவு பெரிய பொத்தலை வைத்துக்கொண்டு இத்தனை நூற்றாண்டு எப்படிக் காலம் தள்ளினோம் என்பது வியப்பு. அதை அடைக்கும் சிறு முயற்சி இது. களம், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே நிற்கும் ஒரு தொடர்மாடி; அதன் முகாமைத்துவக் குழுவின் மன அமைதியை முன்னிட்டுப் பெயர் தவிர்க்கப்படுகிறது. ஆய்வுப் பொருள், நாலு வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் ஒன்றாகக் கூடி ஆடிப்பிறப்புக்குச் சமைப்பது.

நிலமும் பொழுதும்

தொல்காப்பிய மரபுப்படி முதற்பொருளில் தொடங்க வேண்டும். நிலம் பற்றி ஐயமில்லை: வெள்ளவத்தை நெய்தல். கடல் இருக்கிறது. மணலும் கொஞ்சம் இருக்கிறது. இடையில் மரைன் டிரைவும் கரையோர ரயில் பாதையும் குறுக்கே கிடப்பதால் பிள்ளைகளை அங்கே விட முடியாது என்பது மட்டுந்தான் குறை. சங்கப் பாட்டின் நெய்தல் சிறுமிகள் மணலில் வீடு கட்டி, மணற்சோறு ஆக்கி, வண்டல் விளையாடினார்கள். எங்கள் நெய்தற் சிறுவர்க்குக் கிடைப்பவை இரண்டே இடம்: மொட்டைமாடி, அல்லது எவராவது இரக்கப்பட்டுத் தரும் ஒரு வீடு.

மொட்டைமாடிக் கட்சியில் தகப்பன்மார் எல்லோரும் இருந்தார்கள். மூன்று கல், விறகு, பெரிய பானை என்று அவர்கள் பேசப் பேசக் குரல் தழுதழுத்தது. 2022இல் காஸ் கிடைக்காத மாதங்களில் கொழும்பில் விறகு மூட்டத்தானே செய்தோம் என்று ஒருவர் முன்னுதாரணம் காட்டினார். அந்த வருடம் ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. காசு இருந்தாலும் சாமான் இல்லை. வாதம் வலுவானதுதான். ஆனால் ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்று வெள்ளவத்தை மொட்டைமாடியில் வீசுகிற வீச்சுக்குக் கொடியில் போட்ட வேட்டி தெகிவளைக்குப் போய்ச் சேரும். நெருப்புப் பெட்டியில் இருக்கும் குச்சி முழுவதும் தீர்ந்தாலும் அடுப்பு பற்றாது. ஒரு வீட்டுக் குசினியும் அதையொட்டிய விறாந்தையும் என்று முடிவானது. தகப்பன்மார் அத்தோடு ஆர்வமிழந்தார்கள்.

பொழுதுதான் பெரும்பாடு. ஆடி முதலாம் திகதி பெரும்பாலும் ஜூலை 17, சில வருடம் 16. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டில் பிள்ளைகள் மறுநாள் விடுமுறை என்று துள்ளுகிறார்கள். கொழும்பில் அன்று பள்ளிக்கூடம் உண்டு, இரண்டாம் தவணை வேறு. ஆகவே அருகில் உள்ள சனி அல்லது ஞாயிறு. சனி காலையில் நீச்சல், வயலின், ஆங்கில ரியூசன். ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலை; கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பூசையும் மறைக்கல்வியும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற அண்ணன் உள்ள வீட்டில் தம்பிக்கும் சேர்த்தே ஊரடங்கு. நெய்தலுக்கு இலக்கணம் தரும் சிறுபொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் நேரம். ஞாயிற்றுக்கிழமை அந்த எற்பாட்டில் 4.30இலிருந்து 6 மணிவரை இராகுகாலம் குந்தியிருக்கிறது. தொல்காப்பியரும் பஞ்சாங்கமும் பொருதினால் வெள்ளவத்தையில் வெல்வது பஞ்சாங்கம்.

ஒரு வீட்டு அம்மம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எப்ப வைச்சாலும் இருபத்திமூண்டுக்கு முன்னம் வையுங்கோ" என்றார். 1983 ஜூலையில் அவர் இதே பகுதியில் இருந்தவர். எவரும் காரணம் கேட்கவில்லை. பதினேழாம் திகதியை ஒட்டிய சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி என்று குறித்துக்கொண்டோம்.

எதைச் சமைப்பது

இதற்கென்று ஆரம்பித்த வட்ஸ்அப் குழுவில் முதல் இரவே முன்மொழிவுகள் குவிந்தன. பீட்சா என்றார் ஒருவர். பிரைட் றைஸ் என்றார் இன்னொருவர். மொட்டைமாடிக் கட்சியின் எச்சமான ஒரு தகப்பன் ஒடியற் கூழ் என்று எழுதி, பின்னால் நண்டுப் படம் ஒன்றும் போட்டார். ஒடியல் மா, நண்டு, இறால், மீன்தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, செத்தல் மிளகாய், புளி எல்லாம் ஒரே பானையில் கொதிக்கும் அந்த மகா காவியத்தை நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பருக்குவது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, இரண்டு வீடு சைவம் என்பதோடு அந்தப் பிரேரணை தானாக விழுந்தது.

இரண்டாம் மாடிச் சிங்களத் தாய் லவரியா செய்யலாமே என்றார். இடியப்பத்துக்குள் தேங்காய்ப்பூவும் பாணியும் வைத்து மடித்து அவிப்பது. அருமையான யோசனை, ஆனால் இடியப்ப உரலை அமத்துகிற பலம் ஏழு வயதுக்குக் கீழே எவருக்கும் கிடையாது. முஸ்லிம் தாய் ஒருவர் வட்டிலப்பம் என்றார், உடனே எல்லாத் தாய்மாரும் அதைத் தாங்கள் சாப்பிட விரும்புவதாகவும் பிள்ளைகள் செய்யத் தேவையில்லை என்றும் தனித்தனியே எழுதினார்கள். பாற்சோறும் பரிசீலிக்கப்பட்டது. அதைப் பற்றிப் பின்னர்.

மொண்டிசோரி ரீச்சர் ஒருவரும் குழுவில் இருந்தார். வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒரு மொண்டிசோரி என்பதால் இது தவிர்க்க முடியாதது. மரியா மொண்டிசோரி அம்மையார் 1907இல் ரோமாபுரியின் சன் லொரென்சோ சேரியில் தம் முதற் பள்ளியைத் திறந்தவர். உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்தபோது 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். தண்ணீர் வார்ப்பது, மேசை துடைப்பது, காய் நறுக்குவது எல்லாம் பிள்ளைக்குப் பாடம், விளையாட்டுப் பாவனை வேண்டாம், உண்மையான கருவியைக் கையில் கொடு என்பது அவர் கொள்கை. ரீச்சர் அதைச் சொன்னதும் குழு ஒரு கணம் மௌனமாயிற்று. ஏனென்றால் பிள்ளைகள் எல்லோரும் ஏற்கெனவே கேட்டிருந்த உண்மையான கருவி திருவலை.

(திருவலை பற்றி ஒரு சிறு விலகல். ஏறி இருந்து திருவுகிற பழைய திருவலையின் மீது பிள்ளைகளுக்கு உள்ள மோகம் தனியே ஆராயப்பட வேண்டியது. இருக்கை, முன்னால் நீட்டிய இரும்புக் கழுத்து, பல் உள்ள தலை என்று சவாரிக்கு வேண்டிய அத்தனையும் அதில் உண்டு. மேசை விளிம்பில் பூட்டிக் கைபிடி சுற்றுகிற புது வகையை அவர்கள் மதிப்பதில்லை. நாங்கள் பூட்டியது புது வகை. எவரும் கிட்ட வரவில்லை. பாதுகாப்பு நடவடிக்கைகளில் இதுவே முழு வெற்றி.)

ஆடிப்பிறப்புக்கு ஆடிக்கூழ்தானே என்று அம்மம்மா சொன்னபோதுதான் உண்மையான பிரச்சினை வெளிப்பட்டது. பொருள்கள் எளியவை: அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், தேங்காய்ச்சொட்டு, பனங்கட்டி, சின்னச் சின்ன மாவுண்டை. ஒவ்வாமை இல்லை. சைவம். சமயத் தடை எவர்க்கும் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் மாவுண்டை உருட்டலாம். எல்லாம் சரி என்று எல்லோரும் எழுதினார்கள். பிறகு எவரும் எதுவும் எழுதவில்லை. அந்த மௌனம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் ஒரு தாய் தனியே தொலைபேசி எடுத்தார்: "பிழையா நினைக்காதேங்கோ அக்கா. எல்லாப் பிள்ளையளும் உருட்டினது ஒரே பானைக்குள்ளயோ?"

அறிந்த கையும் அறியாத கையும்

ஆராய்ச்சியின் கரு இதுதான். முதலில் இதைச் சுகாதாரப் பிரச்சினை என்று நினைக்கத் தோன்றும். அல்ல. மாவுண்டை கொதிக்கிற பாலில் வேகிறது. அதில் பிழைத்துவரும் கிருமிக்கு விருதே கொடுக்கலாம். மேலும் இதே தாய்மார் மாலைவேளைகளில் காலிமுகத்திடலுக்குப் போய் இறால் வடை வாங்கிச் சாப்பிடுகிறார்கள், பிள்ளைக்கும் பிய்த்துக் கொடுக்கிறார்கள். கடற்காற்றில் நின்று அந்த வடையைத் தட்டிய கை யாருடையது, கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று கேட்டவர் உண்டா? காலி வீதிச் சைவக்கடையில் தோசைமாக் கரைத்தவரைக் கண்டவர் உண்டா?

ஆகவே கருதுகோள் வருமாறு: அருவருப்பு அழுக்கினால் வருவதில்லை, அறிமுகத்தினால் வருகிறது. வடைக்காரரின் கை அறியாத கை. அதற்கு வரலாறு கிடையாது. நாலாம் மாடிப் பிள்ளையின் கையோ அறிந்த கை. அது மூக்கினுள் எவ்வளவு தூரம் சென்று திரும்பும் என்பதை லிப்டில் நாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். லிப்டின் பொத்தான்களை அது நக்கியதையும் பார்த்திருக்கிறோம். அண்டை அயலின் நெருக்கம் பெருகப் பெருக ஒரே பானையில் உண்ணும் விருப்பம் குறையும். எங்கோ கேட்டதுபோல இருந்தால் அது தற்செயல்.

இக்கருதுகோளைச் சோதிக்க உணவுகளை இரண்டு இனமாகப் பிரித்தோம். ஒன்று ஒருபானை இனம்: கூழ், பொங்கல், வட்டிலப்பம். இன்னொன்று தனித்துண்டு இனம்: கொழுக்கட்டை, மோதகம், லவரியா. முதலாவதில் எவருடைய கை எங்கே முடிந்து எவருடைய கை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. இரண்டாவதில் ஒவ்வொரு துண்டுக்கும் தாய் உண்டு. பாற்சோறு இரண்டுக்கும் நடுவில் நின்று குழப்புகிறது. சாய்சதுரத் துண்டாக வெட்டி அடுக்குகிறார்கள், ஆனால் வெட்டுவதற்கு முன் அது ஒரே பானை. துண்டு உண்டு, உடைமை இல்லை. அதனால்தான் அது தேசியக் கொண்டாட்டங்களுக்குப் பொருந்துகிறது, தொடர்மாடிக்குப் பொருந்தவில்லை என்பது இரண்டாம் மாடித் தாயின் சொந்த விளக்கம். அவர் அரசறிவியல் படித்தவர்.

இங்கேதான் யாழ்ப்பாணத்து முன்னோரின் நுட்பம் புலப்படுகிறது. ஆடிப்பிறப்புக்குக் கூழ் மட்டும் காய்ச்சுவதில்லை, கொழுக்கட்டையும் அவிப்பார்கள். ஒரே நாளில், ஒரே மாவில், ஒரே பயற்றில் இரண்டு இனமும் வருகின்றன. ஊருக்கு ஒரு பானை, ஆளுக்கு ஒரு துண்டு. புலவரின் பாட்டிலும் வேலைப் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும். மாவும் பயறும் பாலும் பனங்கட்டியும் தாயின் பொறுப்பு, துழாவுவதும் அவளே. பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி வந்து, கோலிப் பிடித்துக்கொண்டு, அகப்பையால் வார்த்ததைக் குடிக்கிறார்கள். பானைக்கும் பிள்ளைக்கும் நடுவே எப்போதும் ஓர் அகப்பைத் தூரம். பிறர் மக்கள் சிறுகையை எங்கே நிறுத்த வேண்டும் என்று நவாலியில் ஒருவர் அறிந்திருக்கிறார். நாங்கள் அதைக் குழந்தைப் பாட்டு என்று எண்ணிப் பாடிக்கொண்டிருந்தோம்.

அதன்படியே திட்டம் வகுக்கப்பட்டது. கூழ் பெரியவர்கள் காய்ச்சுவது. பிள்ளைகளின் பங்கு இலை மட்டும். பலாமரம் உள்ள ஒரு பழைய வீடு பக்கத்து ஒழுங்கையில் இன்னும் தப்பி நிற்கிறது. வீட்டுக்காரர் இலைக்கு அனுமதி தந்தார், ஏன் என்று மூன்று தடவை கேட்டபின். கொழுக்கட்டை முழுவதும் பிள்ளைகளுடையது. கொதிதண்ணீர் விட்டு மாக் குழைப்பதும், அவிப்பதும் மாத்திரம் தாய்மார். உள்ளீடு முதல் நாளே தயார்: அவித்த பயறு, தேங்காய்ப்பூ, பனங்கட்டி, ஏலக்காய், துளி மிளகுதூள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாழையிலைத் துண்டு. அதில் பல்லுக்குத்தும் குச்சியால் பெயரைக் கீறிவிட்டால் அவிந்த பின்பும் வாசிக்கலாம்.

கொழுக்கட்டைக்கு இந்தப் பிள்ளைகள் புதியவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதற்பல் முளைத்தபோது ஒவ்வொருவர் தலையிலும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டியவர்கள்தாம் இந்தத் தாய்மார். அன்று முன்னால் பரப்பிய புத்தகம், பேனை, நகை, காசு ஆகியவற்றுள் பிள்ளை எதை எடுத்தது என்ற தகவல் இன்றுவரை மறக்கப்படவில்லை. அன்று காசை எடுத்த பிள்ளைதான் இன்றும் உள்ளீட்டை இரண்டு மடங்கு வைத்தது என்று அதன் அப்பம்மா சாட்சியம் அளித்தார்.

செயல்முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியர் எண்ணிய எட்டு மெய்ப்பாடுகளும் ஒரு மாவுருண்டைக்குள் அடங்கும். மாவில் கை புதைந்தபோது மருட்கை. பயற்றைக் கண்டபோது இளிவரல். சிவப்புக் கிண்ணம் ஒன்றே இருந்ததால் வெகுளியும் அதைத் தொடர்ந்து அழுகையும். யாழ்ப்பாண மரபில் கொழுக்கட்டை பிறைவடிவில் விளிம்பு நுள்ளியது, மோதகம் உருண்டையானது. பிள்ளைகள் இரண்டையும் புறக்கணித்து டைனோசர், மீன், ரயில், ஒரு ஷார்ஜர் வயர் ஆகியவற்றைச் செய்தார்கள். உண்மையான ரயில் கடற்கரையோரம் கூவிக்கொண்டு போகும்போதெல்லாம் வேலை நின்றது. எல்லோரும் மாக்கையோடு விறாந்தைக் கம்பிக்கு ஓடினார்கள். கம்பியைத் துடைக்க வேண்டியிருக்கும் என்று எந்தத் திட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ரயில் நேர அட்டவணை ஒன்றை அடுப்படியில் ஒட்டுவது நல்லது.

அவித்து இறக்கியதும் கருதுகோள் கண்முன்னே நிரூபணமானது. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் இலைத்துண்டைத் தேடி எடுத்து, உருத்தெரியாத அந்தப் பொருளை வாயில் வைத்துக் கண்ணை மூடி, "அமிர்தம்" என்றாள். வள்ளுவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. மற்றவர் பிள்ளையின் தட்டு நீட்டப்பட்டபோது எல்லோர்க்கும் வயிறு நிறைந்திருந்தது. "வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிடுறம்." வெடித்து, உள்ளீடு வெளியே வந்து, பெயரும் அழிந்துபோன நாலைந்து துண்டுகள் அநாதையாகக் கிடந்தன. அவற்றைத் தின்றவர்கள் பிள்ளைகள். யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை. டைனோசரின் தலை எது என்பதில் மட்டும் தகராறு.

அழையா விருந்து

கடைசியாக ஓர் அதிகாரம் மிச்சம்: சமைக்காமல் உண்ண வருவோர். இதற்கு அகநானூறு 110 ஆதாரம். போந்தைப் பசலையார் பாடியது, நெய்தல். கடற்கரைச் சோலையில் தோழியர் மணல்வீடு கட்டிச் சிறுசோறு ஆக்கி ஓய்ந்திருக்கும் நேரம், அந்நியன் ஒருவன் வருகிறான். பொழுதும் போயிற்று, களைப்பாகவும் இருக்கிறது, உங்கள் இலைவிருந்தை உண்டு இந்த ஊரிலேயே தங்கிக்கொண்டால் என்ன என்று கேட்கிறான். தலை கவிழ்ந்த சிறுமியர், இது உமக்கு ஏற்றதல்ல, எங்கள் மீன்சாப்பாடு தாழ்ந்தது என்று நயமாக மறுக்கிறார்கள். பிள்ளைகள் கூட்டாகச் சமைத்த சோற்றுக்கு வெளியாள் வந்து நின்றதற்குத் தமிழில் இதைவிடப் பழைய சாட்சி எதற்கு?

சங்கப் புலவர் ஒருவனோடு நிறுத்திக்கொண்டார். வெள்ளவத்தையில், கூழ் மணம் படிக்கட்டில் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் மொட்டைமாடிக் கட்சி முழுவதும் வாசலில் நின்றது. பிள்ளைகளைப் பார்க்க வந்தோம் என்றார்கள். தெகிவளையிலிருந்து ஒரு மாமா, கொட்டாஞ்சேனையிலிருந்து "சும்மா இந்தப் பக்கம் வந்த" ஒரு சித்தப்பா, வாசற் செக்குரிட்டி, முகாமைத்துவக் குழுவின் பொருளாளர். தாழ்ந்த சாப்பாடு என்ற பழைய மறுப்பு இவர்களிடம் எடுபடாது; அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் வாருங்கோ என்பார்கள். பலாவிலை பிள்ளைகளின் கணக்குக்கே பறித்திருந்தது, ஆகவே தேநீர்க் கோப்பை, தம்ளர், ஒருவருக்குச் சொதிக் கிண்ணம்.

ஆகவே இனி இதைத் திட்டமிடுவோர் குறித்துக்கொள்ள: பத்துப் பிள்ளைகள் என்றால் கொழுக்கட்டைக்கு ஐந்து சுண்டு மா காணும், அதில் ஒரு சுண்டு நிலத்துக்கும் விறாந்தைக் கம்பிக்கும். கூழைப் பிள்ளைத் தலையை எண்ணிக் காய்ச்சக்கூடாது. மொத்த மாடியை எண்ணி, அதற்கு மேல் இரண்டு தேங்காயும் ஒரு குட்டான் பனங்கட்டியும் வைத்துக்கொள்ளவும்.